பதிமூன்றாம் தேதித் தாள்

ரேஷன் கடைக்காரர் மண்ணெண்ணெய் பீப்பாயைச் சாய்க்கக் குனிந்த நேரம் பார்த்துக் குற்றாலலிங்கம் சார் சுவரில் தொங்கிய நாட்காட்டிக்குள் கையை விட்டார். மாதம் ஆகஸ்ட். மேலே இருந்த தாள்களை இடது கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, செப்டம்பர், அக்டோபர் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டைத் தள்ளுவதுபோலத் தள்ளி, நவம்பர் பதிமூன்றைக் கண்டுபிடித்து ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம் கேட்டது. கேனும் கையுமாக வரிசையில் நின்ற பதினைந்து பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயது, நெற்றி நிறையத் திருநீறு, இருபத்தெட்டு வருடம் சமூக அறிவியல் நடத்திய வாத்தியார், கையில் களவாண்ட தாளோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார், நல்ல நாளு பாக்கியளா?" என்றார் கடைக்காரர்.

"ஆமா. சொந்தத்துல ஒரு விசேசம்."

"அதுக்குப் பாத்துட்டுப் போனாப் போதும்லா? வராத நாளைக் கிழிச்சிட்டியளே. நீங்களே இப்படிச் செய்யலாமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சார் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீனி வாங்க வந்ததையே மறந்து வீட்டைப் பார்க்க நடையைக் கட்டினார். வெயில் மண்டையைப் பிளந்தது. இதோடு பதினொன்று. தலைமை ஆசிரியர் அறையில் ஒன்று, சலூனில் ஒன்று, கூட்டுறவு வங்கியில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று, தெரிந்தவர் அறிந்தவர் வீடுகளில் ஆறு, இப்போது இது. அச்சடித்ததோ இரண்டாயிரம்.

தச்சநல்லூரில் குற்றாலலிங்கம் வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'தகவல் சார் வீடு' என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடுவார்கள். ஜங்ஷனில் உள்ள ஒரு பாத்திரக்கடை வருடா வருடம் தினசரி நாட்காட்டி போட்டு வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கும். சிவகாசிக்கெல்லாம் போகாமல் உள்ளூரிலேயே, மதுரை ரோட்டில் இருக்கும் அசன் முகம்மதின் அச்சகத்தில் அடிப்பது. ஒவ்வொரு தாளிலும் ராகுகாலம், எமகண்டத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'அறிந்துகொள்வோம்' என்று தலைப்பு வைத்து இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரிக்குச் சொந்தக்காரர் நம்முடைய சார். ஒன்பது வருடமாக எழுதுகிறார். சாவியும் ஜன்னலும் அலமாரியும் போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய சொற்கள் என்று ஒரு நாள் போடுவார். மறுநாள் நத்தைக்கு ஆயிரக்கணக்கில் பல் உண்டு என்பார். அதற்கு மறுநாள் ஒட்டகச்சிவிங்கிக்கும் மனிதனுக்கும் கழுத்தில் எலும்பு ஏழுதான். நெல்லை ஜனங்கள் பல்லைத் தேய்த்துக்கொண்டே தாளைக் கிழித்து, படித்து, 'அப்படியா சங்கதி' என்று ஆச்சரியப்பட்டுவிட்டுத்தான் வாயைக் கொப்பளிப்பார்கள். சலூனில் ஒருமுறை, "சார், ஆக்டோபஸுக்கு மூணு இருதயம்னு போட்டிருக்கிய. நான் ஒண்ண வச்சிக்கிட்டே பொண்டாட்டிகிட்ட படாத பாடு படுதேன்" என்றானே ஒருத்தன், அன்றைக்கு முழுக்க சார் சிரித்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

சாருக்கு இந்தப் பேரில் அப்படி ஒரு பெருமை. எந்தத் தகவலையும் இரண்டு புத்தகத்தில் பார்த்தால் ஒழிய எழுதுவதில்லை என்று ஒரு கொள்கை. அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு வக்கீல், 'தாங்கள் எழுதியது பிழை' என்று கடிதம் போட, சார் பஸ் ஏறிப் போய் இரண்டு புத்தகங்களையும் அவர் மேஜையில் விரித்துவைத்து, காப்பி குடித்துவிட்டு வந்தார். அப்படிப்பட்ட மனிதர்தான் இன்றைக்குத் தாள் திருடிக்கொண்டு திரிகிறார். தலையெழுத்து.

நடந்தது இதுதான். அசன் முகம்மதின் அச்சகத்தில் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கித் தைக்க நான்கைந்து பெண்கள் உண்டு. அதில் ஒருத்தி இசக்கியம்மா. எழுத்து தெரியாது, எண் தெரியும். அடுக்குகிற வேலைக்கு அது போதும். அவள் புருஷன் தாணுமாலையன் ஆற்றோரத்துச் செங்கல் சூளையில் காவலாளியாக இருந்தான். தொண்ணூற்றிரண்டு நவம்பரில் தாமிரபரணி பொங்கி ஊருக்குள் வந்ததே, அன்றைக்குச் சூளைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. சூளையும் இல்லை, அவன் சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. உடம்பு கிடைத்திருந்தால் ஒரு பாடு அழுது தீர்த்திருப்பாள். கிடைக்கவில்லை. அதனால் இசக்கியம்மா தாலியோடும் பொட்டோடும் இருந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா?

தொண்ணூற்றைந்து ஏப்ரலில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தச் சார் கோவில்பட்டிக்குப் போனார். முதல் நாளே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தாணுமாலையனைக் கண்டார். கொஞ்சம் சதை போட்டிருந்தான். மடியில் இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பன்னை டீயில் தோய்த்து அதன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன. ஓடுவான் என்று சார் நினைத்தார். அவன் ஓடவில்லை. குழந்தையின் முகத்தை மட்டும் மெதுவாகத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக்கொண்டான். சார் வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அந்த விஷயத்தை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவி சித்ரலேகாவிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, ஏதோ ஒரு நம்பிக்கையில் இருக்கிறவளை எதற்குக் கலைக்க வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நியாயமான சமாதானம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அச்சகத்துக்குப் போகிறபோதெல்லாம் இசக்கியம்மா உட்காரும் மூலையைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

அவள் விடவேண்டுமே. ஜூனில் ஒரு நாள் வழிமறித்துக் கேட்டாள். "சார், ஒரு ஆளு இல்லேன்னு சர்க்காரு ஒத்துக்கிடுததுக்கு எத்தன வருசம் ஆவும்?"

"ஏழு வருசம். சாட்சியச் சட்டத்துல இருக்கு" என்றார் சார், நாட்காட்டிக்கு எழுதுகிற மாதிரி.

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். "அப்ப இன்னும் நாலரை வருசம் கெடக்கா? எம் மவ முத்துப்பேச்சியப் பொண்ணு கேட்டு வாரவன் பூரா மொதல்ல அப்பன் எங்கன்னுல்லா கேக்கான். செத்துட்டாவன்னு சொல்லவா, இருக்காவன்னு சொல்லவா?"

"ஆண்டவன் வழி விடுவான்" என்று சொல்லிவிட்டுச் சார் தப்பித்தார். எதைக் கேட்டாலும் சொல்கிற மனிதர், சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றை விழுங்கிவிட்டு வெளியே வந்து வெற்றிலை பாக்குக் கடையில் சோடா வாங்கிக் குடித்தார்.

அதற்கடுத்த மாதம்தான் தொண்ணூற்றாறாம் வருடத்து நாட்காட்டி அச்சுக்கு ஏறியது. சார் முந்நூற்று அறுபத்தைந்து தகவல்களை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். "சார், பிப்ரவரி இருவத்தொம்பதுக்கு எங்க?" என்று கேட்டார் அசன் முகம்மது. லீப் வருடம்! லீப் வருடம் ஏன் வருகிறது என்று தொண்ணூற்றிரண்டு நாட்காட்டியில் இரண்டே வரியில் ஊருக்கே விளக்கிய மனிதர், அடுத்த லீப் வருடத்தை மறந்துவிட்டார். அப்போதைக்கு நவம்பர் பதிமூன்றுக்கு வைத்திருந்ததைத் தூக்கிப் பிப்ரவரியில் போட்டுச் சமாளித்தார்கள். பதிமூன்றுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதோடு சரி. நவம்பர் மிஷினில் ஏறுகிற நாளில்தான் அசன் முகம்மது பிடித்துக்கொண்டார். "சார், மெசின் காத்துக் கெடக்கு. ரெண்டு வரி. இங்கனயே உக்காந்து எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

சார் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றும் ஓடவில்லை. மூலையில் பெண்கள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாய்த்துடுக்காகச் சொன்னாள்: "வெள்ளம் வந்து ஆளக் கொண்டு போச்சோ, வெள்ளத்தைச் சாக்கா வச்சு ஆளு போச்சோ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்." மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இசக்கியம்மா நிமிரவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தாளை எடுத்து அடுக்கினாள். முதுகு மட்டும் கொஞ்சம் குறுகியது. சாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சிரிப்பின்மேல் வந்த கோபமா, கோவில்பட்டி டீக்கடைமேல் வந்த கோபமா, தன்மேலேயே வந்ததா, அவருக்கே தெரியாது. பென்சில் தன் போக்கில் எழுதியது. '1992-இல் இதே நாளில் பொருநை வெள்ளத்தில் ஒன்பது பேரைக் கயிறு கட்டிக் கரையேற்றிவிட்டுத் தம் உயிரை ஈந்தவர், செங்கல் சூளைக் காவலர் தாணுமாலையன்.'

அசன் முகம்மது வாங்கிப் படித்தார். மூலையை ஒருமுறை பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "நெசமா சார்?"

"நெசந்தான்."

"நீங்க சொன்னாச் சரி" என்று எழுத்துப் பெட்டிமுன் போய் நின்றுகொண்டார். ஒரு மணி நேரத்தில் அது இரண்டாயிரம் தாளில் விழுந்தது. அதை எடுத்து, எண்ணி, பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் நடுவே வைத்து அடுக்கியது யார் என்கிறீர்கள்? இசக்கியம்மாதான்.

அன்று போன நிம்மதி சாருக்குத் திரும்பி வரவில்லை. ஜனவரியில் நாட்காட்டி வீட்டுக்கு வந்தது. மற்றவர்கள் வீட்டில் தொங்குவது நாட்காட்டி, சார் வீட்டில் தொங்கியது கெடு. ஒவ்வொரு நாளும் ஒரு தாள் குறையும். அவர் தினமும் அதன் கனத்தை விரலால் நெருடிப் பார்ப்பார். வகுப்பில் பிளாசிப் போரை நடத்திக்கொண்டிருப்பார். திடீரென்று, ஊரில் எத்தனை சுவரில் எத்தனை ஆணியில் அது தொங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இருப்புக் கொள்ளாது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. கால் போன போக்கில் போய்க் கடைசியில் யார் வீட்டுச் சுவர்முன்னாவது நிற்பார். இப்படித்தான் அந்தத் திருட்டுப் புத்தி வந்தது.

ரேஷன் கடையில் கிழித்த தாளைச் சித்ரலேகா துவைக்கப் போட்ட சட்டையில் கண்டுபிடித்தாள். அதோடு விட்டாளா, அவருடைய புத்தக அலமாரியைக் குடைந்து மீதிப் பத்தையும் எடுத்துவந்து மேஜையில் வரிசையாகப் பரப்பினாள்.

"என்னங்க இது? பதினொண்ணும் ஒரே தேதியால்லா இருக்கு."

அதற்குமேல் மறைக்கச் சாருக்குத் தெம்பில்லை. கோவில்பட்டியில் தொடங்கி ரேஷன் கடைவரைக்கும் ஒன்றுவிடாமல் கொட்டினார். கடைசியில் சித்ரலேகா ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிய. உசுரோட இருக்குத ஆளுக்கு" என்றாள். "பதினொண்ணக் கிழிச்சாச்சு. மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தொம்பதையும் எப்பக் கிழிக்கதா இருக்கிய?"

"அவளுக்கு நல்லதுன்னு நெனச்சுல்லா..."

"அவளுக்கு நல்லது எதுன்னு அவகிட்ட கேட்டியளா? நாளைக்கே போயிச் சொல்லுங்க. வெரசாச் சொன்னா வையுததோட போவும்."

சொல்லத்தான் போனார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை போனார். முதல் தடவை இசக்கியம்மா லீவு. இரண்டாம் தடவை மற்ற பெண்கள் சுற்றி இருந்தார்கள். மூன்றாம் தடவை அவள் தனியாகத்தான் இருந்தாள். சாரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். "சார், முத்துப்பேச்சிக்கு எடம் குதிர்ந்துட்டு. முக்கூடல் மாப்பிள்ள. லாரி செட்டுல வேல. நல்ல மனுசங்க, அப்பனப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. தையில கல்யாணம்" என்று மூச்சு விடாமல் சொன்னாள். நான்கு வருடத்தில் அவள் பல் தெரியச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார். அந்தச் சிரிப்பின்முன்னால் கோவில்பட்டியை எடுத்து எப்படி வைப்பது? கல்யாணம் முடியட்டும் என்று திரும்பிவிட்டார். தாளுக்குக் கல்யாணம் முடியும்வரை காத்திருக்கத் தெரியுமா என்ன?

தீபாவளி கழிந்தது. பன்னிரண்டு போனது. பதிமூன்று, புதன்கிழமை, சார் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தார். வாசலில் சைக்கிள் மணி அடித்தால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. மத்தியானம் பால்காரர் மட்டும், "நம்ம ஊருல இப்படி ஒரு மனுசனா சார்! படிச்சிட்டு எங்க வீட்டுப் பொம்பளைக்குக் கண்ணு கலங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். சித்ரலேகா உள்ளே பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள். வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. ஒருவேளை இசக்கியம்மா வீட்டில் நாட்காட்டியே இல்லையோ என்றுகூட அவருக்கு ஒரு நப்பாசை. அச்சகத்தில் வேலை பார்க்கிறவள் வீட்டில் நாட்காட்டி இல்லாமல் இருக்குமா?

சனிக்கிழமை அசன் முகம்மது சொல்லி அனுப்பினார். முத்துப்பேச்சியின் கல்யாணப் பத்திரிகை அச்சுக் கோத்து வைத்திருக்கிறது, சார் ஒரு பார்வை பார்த்துப் பிழை திருத்திக் கொடுக்க வேண்டும் என்று. அச்சகத்தில் எந்தப் பத்திரிகையும் சார் பார்க்காமல் மிஷினில் ஏறாது.

உள்ளே நுழைந்ததும் அவர் பார்த்தது இசக்கியம்மாவின் நெற்றியைத்தான். வெறும் நெற்றி. பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது. அசன் முகம்மது ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஈரம் காயாத பத்திரிகைத் தாளைக் கையில் கொடுத்தார். 'தெய்வத்திரு தாணுமாலையன் - இசக்கியம்மாள் தம்பதியரின் செல்வப் புதல்வி' என்று இருந்தது. சார் சிவப்புப் பேனாவைத் திறந்தார். திறந்தபடியே வைத்திருந்தார்.

"சார், ஒங்க கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடணும்போல இருக்கு" என்றாள் இசக்கியம்மா. குரல் கரகரத்தது, ஆனால் அழவில்லை. "முத்துப்பேச்சிதான் காலையில தாளக் கிழிச்சா. படிச்சிட்டு, எம்மான்னு ஒரு கத்து. தெருவே கூடிட்டு. அதுக்கு மஞ்சத் தடவிச் சாமி படத்துக்குக் கீழ ஒட்டி வச்சிருக்கோம். நாலு வருசமா என்னென்னல்லாம் பேசுனாளுவ சார்! இப்ப ஒருத்தி வாயத் தொறக்கல. நாளைக்கு எங்க அண்ணன் வாரான், ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி இதக் கழத்தி வாங்குததுக்கு." கை தாலிமேல் போய் நின்றது. "அழுது முடிச்சிட்டா அப்புறம் கல்யாண வேலையப் பாக்கலாம்லா."

சார் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்த ஒம்பது பேரு ஆரு? எந்தத் தெருன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா. முத்துப்பேச்சி ஒத்தக் கால்ல நிக்கா. அவ அப்பா கரையேத்துன ஆளுவளக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு முன்னால உக்கார வைக்கணுமாம். அப்பா எடத்துல அவுக நின்னு துன்னூறு பூசணுமாம். நானே வீட்டு வீட்டுக்குப் போயி வச்சிட்டு வாரேன். பேரு மட்டும் எழுதிக் குடுங்க."

மிஷின் ஓடவில்லை. மற்றப் பெண்கள் கையை நிறுத்திவிட்டு, அந்த ஒன்பது பேர் யார் என்று கேட்கத் தயாராக இருந்தார்கள். வாய்த்துடுக்குக்காரிகூட மரியாதையாகத் தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சார் நினைத்திருந்தால் அப்போதும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றால் தீர்ந்தது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. வட்டமாக வெளுத்திருந்த அந்த நெற்றியைப் பார்த்தார். இந்தப் பொய்யை நம்பி நாளைக்கு அவள் ஆற்றங்கரையில் தாலியைக் கழற்றுவதா என்று நெஞ்சு அறுத்தது.

"அவுகள வெளிய போகச் சொல்லும்வே" என்றார் அசன் முகம்மதிடம்.

பெண்கள் போனார்கள். அசன் முகம்மதும் எழுந்தார். "நீரு இரும்" என்றார் சார். தனியாகச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

"இசக்கியம்மா, ஒம்பது பேரு இல்ல. ஒருத்தரும் இல்ல. அது நானா எழுதுனது." சொல்லச் சொல்ல அவர் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோலக் கேட்டது. "தாணுமாலையன் சாகல. நான் பாத்தேன். இந்த வருசம் ஏப்ரல் மாசம், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல... இல்ல, போன வருசம். தொண்ணூத்தஞ்சுல."

வருடத்தில் தடுமாறியதற்கு அந்த நேரத்திலும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

இசக்கியம்மா பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சமன் செய்தாள். ஏற்கெனவே சமனாகத்தான் இருந்தது. மறுபடியும் தட்டினாள்.

"நல்லாருந்தாவளா?"

"நல்லாத்தான் இருந்தான்."

"தனியாவா?"

சார் அசன் முகம்மதைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மடியில ஒரு புள்ள இருந்துச்சு. பொம்பளப் புள்ள."

"எத்தன வயசு?"

"ரெண்டு இருக்கும்."

அவள் விரலை மடக்கினாள். ஒருமுறை மடக்கி, பிரித்து, மறுபடியும் மடக்கினாள். கணக்கு எங்கே போய் முடிந்தது என்று முகத்தில் தெரிந்தது. வெள்ளத்துக்கு முன்னாலேயே முடிந்திருந்தது. சார் அழுதுவிட்டார். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை என்ன வேணும்னாலும் சொல்லு தாயி. நல்லதுன்னு நெனச்சேன். மன்னிச்சிரு" என்றார்.

"அன்னைக்கே ஒங்ககிட்ட கேட்டேன்லா சார்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "அப்ப வாயத் தொறக்கல. பொறவு நீங்களா கொன்னிய. கொல்லுததுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? நான் வேண்டாம்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா கேட்டிருக்கணும்."

சார் திறந்தபடி இருந்த சிவப்புப் பேனாவை மூடினார்.

"முத்துப்பேச்சிகிட்ட இப்ப நான் என்னத்தச் சொல்ல?" என்று கேட்டாள். அதையும் அவரிடம்தான் கேட்டாள். பழக்கம். பிறகு எழுந்து, சேலையை உதறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேஜைமேல் கிடந்த பத்திரிகைத் தாளை எடுத்தாள்.

"கோவில்பட்டிக்கு இங்கன இருந்து எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஒண்ணரை மணி நேரம்."

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவள் வெளியே போன பிறகு அசன் முகம்மது இடுக்கியை எடுத்துக்கொண்டு எழுத்துச் சட்டத்தின்முன் போய் நின்றார். 'தெய்வத்திரு' அங்கே தலைகீழாகக் கோத்துக் கிடந்தது. இடுக்கியை அதன்மேல் கொண்டுபோனார், பிறகு பின்னால் எடுத்துக்கொண்டார். "பைய இருக்கட்டும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தார். சாரும் வந்து பக்கத்தில் நின்றார்.

இசக்கியம்மா ரோட்டைக் கடந்து எதிர்ப்புறம் பஸ் நிற்கிற இடத்தில் நின்றிருந்தாள். வெயிலுக்காகப் பத்திரிகைத் தாளை நெற்றிக்கு மேலே பிடித்திருந்தாள். மை இன்னும் காயாத தாள். கோவில்பட்டி போகிற பஸ் ஒன்று வந்து நின்று, கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லிக் கூவி, ஆளை ஏற்றிக்கொண்டு போனது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. அடுத்து அவள் வீட்டுப் பக்கம் போகிற டவுன் பஸ் வந்தது. அதற்கும் அவள் அசையவில்லை. கால் மணி நேரம் கழித்து இன்னொரு கோவில்பட்டி பஸ் வந்தது. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கி முதல் படியில் வைத்தாள். மற்றக் கால் தார் ரோட்டில் இருந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கண்டக்டர் குனிந்து அவளைப் பார்த்தார்.

"ஏறுதியாம்மா, எறங்குதியா?"

அவள் நெற்றியிலும் கையிலும் கறுப்பாக மை படிந்திருந்தது. பஸ் உறுமிக்கொண்டே நின்றது.